அந்த விசில் யாருக்கு?

ஞாயித்துக்கிழமை திரையிடல்ல நடந்தது இங்க பாதிப் பேருக்குத் தெரியும். அதுக்கப்புறம் குரூப்ல என்னைப் பத்தி எழுதினதையும் படிச்சிருப்பீங்க. ரெண்டு நாள் பேசாம இருந்து பாத்தேன், முடியல.

அன்னிக்குப் போட்ட கொரியப் படம் 'ஐ சா த டெவில்' பழிவாங்கறதைக் கொண்டாடுற படம் இல்ல. அன்னிக்கும் இதைத்தான் சொன்னேன். அதுக்குத்தான் "அழுமூஞ்சி"ன்னு பேர் வாங்கினேன்.

ஹீரோ சூ-ஹியுன், தான் கட்டிக்க இருந்த ஜூ-யோனைக் கொன்ன க்யுங்-சுல்லோட குதிகால் நரம்பை அறுக்கும்போது ஹால்ல விசில் பறந்துச்சு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி அதே கிளினிக்ல ஒரு நர்ஸ் அவன்கிட்ட மாட்டிக்கிட்டு என்ன பாடுபட்டான்னு விசிலடிச்சவங்க ஞாபகம் வச்சிருந்தாங்களா? அவன் எப்படி அங்க வந்தான்? கிரீன்ஹவுஸ்ல கையில சிக்கினவனை அடிச்சு, தொண்டைக்குள்ள அவன் எங்க இருக்கான்னு காட்டுற டிராக்கர் மாத்திரையைத் திணிச்சு, பக்கத்துல பணக்கவரும் வச்சுட்டுப் போனது நம்ம ஹீரோதான். வலியை நீட்டிக்கணும்னு விட்டான். அந்த இடைவெளிக்கு விலை கொடுத்தது அந்த நர்ஸ். விட்டதாலதான் அவன் அங்க வந்தான். இதை எத்தனை தடவை வேணும்னாலும் சொல்வேன்.

"படத்தைப் படமா பாருங்க"ன்னு ஒரு நண்பர் சொன்னார். படமாத்தான் பாக்கறேன், நாலு தடவை பாத்துட்டேன். க்யுங்-சுல்லா நடிச்ச சோய் மின்-சிக் சிரிக்கிற ஒவ்வொரு சிரிப்பும் எனக்கு மனப்பாடம். "ரத்தம் பிடிக்கலைன்னா ஏன் வந்தீங்க"ன்னு இன்னொருத்தர். ரத்தம் பிடிக்கலைன்னு நான் எங்க சொன்னேன்? 2010-ல கொரியாவிலேயே தணிக்கைக்காரங்க இதை ரெண்டு தடவை மறிச்சாங்க, சில காட்சிகளை வெட்டின பிறகுதான் தியேட்டருக்கு வந்துச்சு. வெட்டினது தப்புன்னு நினைக்கிற ஆள் நான். "கேமராவே அந்த அடியை ரசிக்குதே"ன்னு கேட்டவருக்கு மட்டும் என்கிட்ட முழு பதில் இல்ல. கொஞ்சம் ரசிக்குதுதான். ஆனா டைரக்டர் கிம் ஜீ-வூன் அங்கேயே நிக்கலையே.

சே-யோனை யாராவது நினைச்சீங்களா? செத்துப்போன ஜூ-யோனோட தங்கச்சி. போன் பண்ணி, இதை நிறுத்திடுங்கன்னு சூ-ஹியுன்கிட்ட கெஞ்சினவ. டிராக்கர் விஷயம் தெரிஞ்சதும் க்யுங்-சுல் நேரா அந்த வீட்டுக்குத்தான் போறான். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியான அப்பாவை அடிச்சு நொறுக்கிட்டு, மிச்சமிருந்த ஒரே மகளையும் கொன்னுடறான். அந்தப் பெரியவருக்கு வேட்டை என்ன திருப்பிக் கொடுத்துச்சு?

என் அக்கா விஷயம் உங்கள்ல சிலருக்குத் தெரியும். ஸ்கூட்டர்ல போனவளோட சங்கிலியை இழுத்தாங்க, கீழ விழுந்தா. மூணு நாள் ஐசியூல இருந்தா, அவ்வளவுதான். ஆளைப் பிடிக்க எட்டு மாசம் ஆச்சு. எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. "ஒரு வார்த்தை சொல்லு மச்சான், கையை எடுத்துடலாம்"னு சொன்ன நண்பர்கள் இருந்தாங்க. ராத்திரி படுத்துக்கிட்டு அந்தக் கையை நானே எத்தனை தடவை உடைச்சிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். அதனால சூ-ஹியுனைப் புரியலைன்னு தயவுசெஞ்சு என்கிட்ட சொல்லாதீங்க.

வாய்தாவுக்குப் போனப்ப கோர்ட் வராண்டாவுல அந்தச் சங்கிலி இழுத்தவனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாங்க. அப்பா நேரா அவன்கிட்ட போனார். அடிக்கப் போறார்னு நினைச்சு நான் பின்னாலயே ஓடினேன். "விழுந்தப்ப அவ ஏதாவது சொன்னாளாப்பா?"ன்னு மட்டும் கேட்டார். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அப்பா திரும்பி வந்து பெஞ்சுல உக்காந்துட்டார்.

படத்துல ஜூ-யோன் பனியில டயர் பஞ்சராகி, இழுவை வண்டிக்காகக் காத்திருக்கிறா. போன்ல சூ-ஹியுன் அவளுக்குப் பாடுறான். அப்புறம் கொலைகாரனோட இடத்துல, தண்ணி போற ஓட்டையில அவ மோதிரம் கிடைக்குது. என்னைப் பொறுத்தவரை படம் அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் இருக்கு. மத்த சண்டையெல்லாம் அந்த மோதிரத்தை எங்க வைக்கிறதுன்னு தெரியாத ஒருத்தன் பண்றது.

"எல்லாத்தையும் உன் சொந்தக் கதையா ஆக்காதே"ன்னு எழுதியிருந்தீங்க. அக்காவைப் பத்தி அன்னிக்கு நான் ஒரு வார்த்தைகூடப் பேசல. பேசினது சே-யோனைப் பத்தி. நீங்களாத்தான் அக்காவை உள்ள இழுத்தீங்க. அது எனக்கு வலிச்சுது, சொல்லாம இருக்க முடியல.

கடைசிக் காட்சி. க்யுங்-சுல்லோட அப்பா, அம்மா, மகன் வந்து கதவைத் திறக்கிறாங்க. கதவைத் திறந்தா அவன் சாகற மாதிரி சூ-ஹியுன் பொறி வச்சிருக்கான், அவங்க கையாலேயே அவன் சாவு நடக்குது. அந்தப் பையன் என்ன பாவம் பண்ணினான்? சூ-ஹியுன் தூரத்துல ரோட்டுல நடந்துக்கிட்டே அதைக் காதுல கேக்கிறான். ஜெயிச்சவன் அப்படியா அழுவான்? சூ-ஹியுனா நடிச்ச லீ ப்யுங்-ஹுன் முகம் உடைஞ்சு போற அந்த நேரத்துக்காகத்தான் நான் ஒவ்வொரு தடவையும் முழுப் படத்தையும் தாங்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அன்னிக்கு அவன் நடந்துக்கிட்டிருக்கும்போதே லைட்டைப் போட்டுட்டீங்க. டீ வந்துடுச்சுன்னு யாரோ கூப்பிட்டாங்க. அடுத்த தடவை அவன் அழுது முடிக்கிற வரைக்கும் லைட்டைப் போடாதீங்க.