மாத்திரை கொடுத்தால் மட்டும் போதுமா?

மக்களின் சுகாதாரத் தேவைகளைக் கணக்கெடுப்பது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அமெரிக்காவில் லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் 3 ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் பகுதி மக்களின் சுகாதாரத் தேவைகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்பதையும், ஒரு கிராமப்புற கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) அதை வைத்து முன்னேற்றத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் அது தெளிவாகச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு.

நான் பெரம்பூரில் இருக்கிறேன். அம்மா செய்யாறு பக்கத்தில் கிராமத்தில் தனியாக இருக்கிறார். 2021 ஆகஸ்டில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்டம் வந்த பிறகு பிரஷர், சுகர் மாத்திரைக்காக அவர் பஸ் ஏறி அலைவதில்லை. மாத்திரை கொண்டுவரும் பெண் திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து நோட்டில் எழுதிவிட்டுப் போவார். பொங்கலுக்குப் போனபோது அந்த நோட்டைப் புரட்டினேன். பிரஷரின் மேல் அளவு 160-க்குக் கீழே இறங்கவே இல்லை. மாத்திரை ஒழுங்காக வந்திருக்கிறது, அப்புறம் ஏன்? விசாரித்தால், கண்ணில் புரை. இரண்டு அட்டையும் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரிய, சுகர் மாத்திரையையே இரண்டு தடவை போட்டிருக்கிறார். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

தனியாக வாழும் வயதானவர்களின் கண்பார்வைதான் எங்கள் ஊரின் புதிய தேவை. எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பதோடு, எத்தனை பேருக்கு பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, எத்தனை பேருக்குக் கண் தெரியவில்லை என்பதையும் எண்ண வேண்டும். அந்த எண்களை அக்டோபர் 2 கிராம சபையில் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டலாமே.