கறிவேப்பிலைப் புழு பட்டால் சாவா?

“கறிவேப்பிலை, தேசிச் செடியில் இருக்கும் பச்சைப் புழு பட்டால் ஐந்து நிமிடத்தில் மரணம், செடியை வெட்டுங்கள்” என்ற வாட்ஸ்அப் செய்தி தோட்டங்களில் லயம் லயமாகச் சுற்றுகிறது. இது பொய்.

அது வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதில் பறவை எச்சம் போலக் கிடக்கும், வளர்ந்தால் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னால் கவட்டை மாதிரிச் சிவப்பாக ஒன்றை நீட்டும், ஒரு நெடி வரும். அது கொடுக்கு இல்லை. எறும்பை விரட்டும் தற்காப்பு, அவ்வளவுதான். முடியுள்ள மயிர்க்கொட்டி வேறு, பட்டால் அரிக்கும், அதைத் தொடாதீர்கள்.

பூச்செடி மட்டும் வைத்தால் வண்ணத்துப்பூச்சி தேன் குடித்துவிட்டுப் போய்விடும். அது முட்டையிடக் கறிவேப்பிலை, தேசி போன்ற செடிகளும் வேண்டும். நாற்று மொட்டையாகிறதா? புழுவைப் பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள், பாவம்.

சந்தேகமென்றால் இலங்கை விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேளுங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.