பாதிதான் சம்மதம்

அடிதடி, கஞ்சா என்று போலீசில் சிக்கும் மாணவர்களின் விவரத்தை உடனே பள்ளிக்குச் சொன்னால் திருத்திவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. மேலூர் பக்கம் இருபது வருடம் வாத்தியாராக இருந்த எனக்கு இதில் பாதிதான் சம்மதம்.

ஒரு வருடம் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நடந்த கைகலப்பில் எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையனையும் பிடித்து, விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். வழக்குகூட இல்லை. ஆனால் தலைமையாசிரியருக்கு ஒரு போன் வந்தது. மறுநாள் பிரேயர் முடிவதற்குள் சத்துணவு அக்கா வரை எல்லோருக்கும் விஷயம் தெரியும். அப்புறம் வகுப்பில் பேனா காணாமல் போனாலும் அவன் பையைத்தான் முதலில் துழாவினோம். நானும்தான். அரையாண்டு முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான். "நீங்களாவது சொல்லியிருக்கலாமே சார்" என்றார் அவன் அம்மா. என்னிடம் பதில் இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? முடிந்துபோன வழக்கில் சிறுவனைப் பற்றிய பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட போலீஸ் வெளியே தரக் கூடாது என்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நல போலீஸ் அதிகாரி ஒருவர் வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அவர் மஃப்டியில் வந்து, பெற்றோரை வைத்துக்கொண்டு ஒரே ஒரு ஆசிரியரிடம் பேசட்டும். வீட்டில் அடிபடுகிற பிள்ளை, கஞ்சா விற்பவனிடம் மாட்டிக்கொண்ட பிள்ளை என்றால் கட்டாயம் சொல்லட்டும். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் பெயர்ப் பட்டியல் மட்டும் வேண்டாம்.