பெயர் இல்லாமல் ‘சேலஞ்ச் ஓட்டு’ போட முடியாது

தேர்தல் வரும்போதெல்லாம் கட்சி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி, 49ஏ பிரிவின்படி ‘சேலஞ்ச் ஓட்டு’ போடலாம், ‘டெண்டர் ஓட்டு’ 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு நடக்கும். இரண்டும் தவறு.

1961ஆம் ஆண்டின் தேர்தல்கள் நடத்தும் விதிகளில் 49ஏ, வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றியது. சேலஞ்ச் என்பது, வாக்களிக்க வந்தவரின் அடையாளத்தை வேட்பாளரின் முகவர் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பதாகும். உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்திருந்தால், அதிகாரியின் கேள்விகளுக்குச் சரியாக விடையளித்தபின் உங்களுக்கு வாக்குச்சீட்டு தரப்பட்டு, அது தனி உறையில் வைக்கப்படும்; இதுவே ‘டெண்டர் ஓட்டு’. இந்த உரிமை உண்மையானது, விட்டுவிடாதீர்கள். ஆனால் 14 சதவீத வரம்பு எந்த விதியிலும் இல்லை.

இதை நம்பி வருபவர் வாக்குச்சாவடி வாசலிலிருந்து திரும்ப நேரும் என்பதால், இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். பெயர் இருக்கிறதா என்பதைத் தேர்தல் ஆணைய இணையதளத்திலோ 1950 எண்ணிலோ முன்கூட்டியே பார்த்து, இல்லையெனில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுங்கள்.