சாம்பல் மாறவில்லை என்றால் நிலக்கரி கெடவில்லை என்று அர்த்தமா?

"திறந்தவெளியில் மாதக்கணக்கில் கிடந்தாலும் பிட்டுமினஸ் நிலக்கரிக்கு ஒன்றும் ஆகாது, சாம்பலும் ஆவியாகும் பொருளும் அப்படியேதான் இருக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அனல்மின் நிலையக் கரிக்கு இது ஓரளவு சரி. வெப்ப மதிப்பு கொஞ்சம்தான் குறையும். ஜார்க்கண்டின் ஜாரியா போன்ற இடங்களில் எடுக்கும் கோக்கிங் கரிக்கு, அதாவது இரும்பு உலைக்கான கோக் தயாரிக்கும் கரிக்கு, இது தவறு.

கோக்கிங் கரி சுமார் 350 முதல் 500 டிகிரி செல்சியஸுக்குள் இளகி, குமிழ்விட்டு, மறுபடி இறுகுவதால்தான் கோக் உருவாகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் முதலில் அரோமாட்டிக் வளையங்களை (கரி மூலக்கூறிலுள்ள கார்பன் வளையங்களை) ஒட்டிய கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தாக்குகிறது. பெராக்சைடு, பிறகு கார்பானைல், கார்பாக்சில் என ஆக்சிஜன் சேர்ந்த தொகுதிகள் வருகின்றன. சூடேறும்போது இவை மூலக்கூறுகளைக் குறுக்காகப் பிணைத்துவிடும். உடைந்த துண்டுகளை அடக்கி வைக்க வேண்டிய ஹைட்ரஜனும் குறைந்திருக்கும். பிறகு எங்கே இளகுவது?

இந்தச் சேதம் சாம்பல் கணக்கில் தெரியாது. சூடேறும் கரி எவ்வளவு இளகுகிறது என்று அளக்கும் கீசலர் பிளாஸ்டோமீட்டரில் வைத்தால் உடனே தெரியும்: மற்ற அளவுகள் அசையாதபோதே பாய்மை (இளகி ஓடும் தன்மை) பல மடங்கு சரிந்திருக்கும். காரக் கரைசலில் கொதிக்கவைத்துப் பார்ப்பதும் உண்டு. ஆக்சிஜனேற்றமடைந்த கரியிலிருந்து ஹியூமிக் அமிலம் இறங்கிக் கரைசல் பழுப்பாகும்.

சூட்டில் இளகிக் கட்டி சேரும் கரி, வாயுவாக்கிக் கலனை (கரியை எரிவாயுவாக மாற்றும் கலனை) அடைக்காமலிருக்க, வேண்டுமென்றே ஆக்சிஜனேற்றம் செய்வதும் உண்டு. ஒன்றும் ஆகாதென்றால் அதற்கு என்ன அவசியம்?

ஆய்வகத்துக்குப் போகும் மாதிரிக்கும் இதே ஆபத்துதான். பொடித்த கரி இன்னும் வேகமாகக் கெடும். நைட்ரஜனில் அல்லது உறைபெட்டியில் வையுங்கள்.