வாடிய மாலை

எட்டு மணி என்றால் ஏழே முக்காலுக்கே போய் நிற்கிறவன் நான். நேற்று பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் கோயிலில் அக்கா மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் 9 முதல் 10:30. தாய்மாமன் நான் இல்லாமல் எப்படி? நான் இருப்பது கடலுக்கு இக்கரையில், பிறை என்ற ஊரில். அங்கிருந்து 7 மணிக்கே கார் கூப்பிட்டேன். "அஞ்சு நிமிஷம்ண்ணே" என்ற ஓட்டுநர், இருபத்தைந்து நிமிடம் காக்க வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ரத்து செய்தார். வர முடியாது என்றால் முதலிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?

சரி, அடுத்த கார் கிடைத்துப் பினாங்குப் பாலம் ஏறினால், வண்டிகள் அசையவே இல்லை. 13.5 கிலோமீட்டர் பாலம்; நடுக்கடலில் இறங்கி ஓடவா முடியும்? எதிர்ப்பக்கம் இரண்டு கார் உரசி நிற்கிறது. அதற்கு எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவரும் பிரேக் போட்டு வேடிக்கை பார்க்கிறார்கள்! ஒருவர் கண்ணாடியை இறக்கிக் கைப்பேசியில் படமே எடுத்தார். உதவி செய்ய இறங்கினாலாவது மனசு ஆறும். மடியில் தாம்பாளம், அதில் மாமன் மாலை. தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பார்த்தேன், மல்லிகை ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது.

போய்ச் சேர்ந்தபோது கெட்டிமேளம் முடிந்து, அட்சதை தரையெல்லாம் இறைந்து கிடந்தது. "கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தேன் மாமா" என்றாள் அக்கா மகள். எனக்குப் பேச வாய் வரவில்லை.