கியர் விழவில்லை என்றால் முதலில் பாக்ஸை இறக்காதீர்கள்

வடசென்னையில் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் நான்கு பேர் கூடினால், டீசல் விலைக்கு அடுத்தபடியாகப் பேச்சில் வருவது கியர் சரியாக விழவில்லை என்ற புலம்பல்தான். முதல் கியர் போடத் தோள்பட்டை வலிக்கிறது, இரண்டாவதற்கு மாற்றும்போது பல்லோடு பல் உரசிக் கடிக்கிறது, ரிவர்ஸ் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிறது என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். இத்தனை விதமான குறைகளுக்கும் பல பட்டறைகளில் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "பாக்ஸை இறக்கிப் பார்த்துடலாம்." இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை. கியர்பாக்ஸ் என்பது இந்த விஷயத்தில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய உறுப்பு. அதை முதலில் இறக்கச் சொல்வது சோதனை அல்ல, வண்டிக்காரரின் பணத்தில் நடத்தப்படும் ஊகம்.

கியர் மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த ஊகத்தை எளிதில் மறுக்கலாம். கிளட்சை மிதித்தவுடன் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள தொடர்பு முழுமையாக அறுபட வேண்டும். அறுபட்ட பிறகு, கிளட்ச் பிளேட்டும் அதோடு சேர்ந்த உள்ளீட்டுத் தண்டும் தம் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நாம் போடப்போகும் கியருக்கு ஏற்ற வேகத்துக்கு அவற்றைக் கொண்டுவரும் வேலையைச் செய்வது சின்க்ரோ வளையம். ஓடும் பேருந்தில் ஏறுகிறவர் சற்று தூரம் கூடவே ஓடி, வேகம் ஒத்துவந்த பிறகு படியில் கால் வைப்பதைப் போன்றதுதான் அதன் வேலை. 1928இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் வந்த இந்த ஏற்பாடு இல்லாத பழைய லாரிகளில், ஓட்டுநர்கள் நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு மறுபடி மிதித்து, 'டபுள் கிளட்ச்' போட்டு அந்த வேகத்தைத் தம் காலாலேயே ஒத்துவரச் செய்தார்கள். இன்றைய பிக்கப்பில் அந்தச் சிரமம் இல்லை. ஆனால் கிளட்ச் முழுமையாக விடுபடாமல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருந்தால், சின்க்ரோ வளையம் ஒரு சிறிய தண்டோடு மட்டும் அல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் முழு என்ஜினோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. கை வலிப்பதற்கும் பல் கடிப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. சமமான தரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியர்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஏதேனும் ஒன்று விழாவிட்டால் வண்டியைச் சற்றே முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு மறுபடி போடலாம். பல்லுக்கு நேராகப் பல் நின்றிருந்தால் அப்படித்தான் முட்டும், அது குறை அல்ல. அணைத்த நிலையில் வெண்ணெயாக விழும் கியர், என்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் குறை கிளட்சில் இருக்கிறது. இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் கியர் ராடு, கேபிள், கம்பின் அடியில் உள்ள புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிளட்சை இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்த பிறகு கியர் ஒழுங்காக விழுகிறதென்றால், பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாகக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருக்கிறது அல்லது சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இவற்றுக்கெல்லாம் முன்பாக, கிளட்ச் பெடலின் அடியில் தரைவிரிப்பு சுருண்டு கிடக்கிறதா, தண்ணீர் பாட்டில் உருண்டு போய் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுவது நல்லது. சிரிக்க வேண்டாம். பெடல் அடிவரை போகாவிட்டால் கிளட்ச் எப்படி விடுபடும்?

என் மச்சான் காசிமேட்டிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றும் பிக்கப் ஒன்றை வைத்திருக்கிறார். இரண்டாவது கியர் கடிக்கிறது என்று அவர் போன இடத்தில் பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கு ஒரு பெரிய தொகையையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியாக ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம்.

"அண்ணே, பாக்ஸை இறக்கணும்னு சொல்லிட்டாங்க."

"பாக்ஸுக்கு இன்னா கேடு வந்துச்சு? மொதல்ல வண்டிய ஆஃப் பண்ணு தம்பி."

அணைத்த வண்டியில் அவர் இரண்டு விரல்களால் ஐந்து கியர்களையும் போட்டு எடுத்தார். பிறகு ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் கிளட்ச் சிலிண்டரின் ரப்பர் உறையைக் கட்டைவிரல் நகத்தால் மெல்ல நெம்பினார். உறைக்குள் தேங்கியிருந்த திரவம் கறுத்த நிறத்தில் அவர் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை வழிந்தது. "இங்க ஒழுவுது, அங்க கடிக்குது" என்று மட்டும் சொன்னார். சிலிண்டரை மாற்றி, பழைய திரவத்தை முழுமையாக வெளியேற்றி, காற்றை எடுத்துவிட்ட பிறகு அந்தக் கியர் இன்றுவரை கடிக்கவில்லை. முதலில் போன இடத்தில் யாரும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கவே இல்லை என்பதைத்தான் என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அந்தத் திரவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிளட்ச் சிலிண்டரில் ஊற்றுவது டாட் 3 அல்லது டாட் 4 வகைப் பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேரச் சேர சிலிண்டரின் உட்சுவர் அரிக்கப்பட்டு ரப்பர் கிழியத் தொடங்கும். அளவு குறைந்துவிட்டது என்று அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கனிம எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிப் போகும், அதன் பிறகு சிலிண்டர்களையும் குழாய்களையும் சேர்த்தே பார்க்க வேண்டி வரும்.

நம் பகுதிக்கென்று தனியாகச் சில தொல்லைகள் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது அவற்றை நம்பி ஓடும் வண்டிகளில் பலவும் நிற்கின்றன. மீன் பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் அடிப்பகுதியில் காய்ந்திருக்க, கடல் காற்றும் சேர்ந்துகொள்ள, கிளட்ச் பிளேட் சறுக்கி நகர வேண்டிய தண்டின் பள்ளங்களில் துரு பிடிக்கிறது. சில வண்டிகளில் பிளேட்டே, என்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்கிறது. ஜூன் மாத நடுவில் வண்டியை எடுத்தால் எந்தக் கியரும் விழாது. உடனே பாக்ஸ் போய்விட்டது என்று வதந்தி கிளம்பும். நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறை ஓடவிட்டு, கிளட்சைப் பலமுறை மிதித்து விட்டு, தெருமுனை வரையாவது ஓட்டி வந்தால் இந்தச் செலவே வராது. அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவதும் அவசியம்.

மழைக்காலத்தில் வேறு கதை. சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால், சூடான கியர்பாக்ஸ் திடீரென்று குளிர்ந்து உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அப்போது மூச்சுக்குழல் வழியாகவும் சீல்கள் வழியாகவும் வெளியே உள்ள தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கத்தில் தண்ணீரில் நின்ற வண்டிகள் கொஞ்சமல்ல. எண்ணூர் பக்கம் எண்ணெய்ப் படலமும் கலந்த தண்ணீர் அது. அப்படி நின்ற வண்டியில் கியர் ஆயிலைத் திறந்து பார்த்து, அது பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தாமதிக்காமல் மாற்றிவிட வேண்டும். ஓடுகிறதே என்று விட்டால் பேரிங்குகள் துருப்பிடித்து ஓலமிடத் தொடங்கும்.

கியர் ஆயில் விஷயத்தில் நம்மவர்களின் அலட்சியம் எனக்குப் புரிவதே இல்லை. என்ஜின் ஆயிலை நாள் பார்த்து மாற்றுகிறவர்கள் கியர் ஆயிலை வண்டி விற்கும் வரை தொடுவதில்லை. மாற்றுகிறவர்களும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை ஊற்றிவிடுகிறார்கள். பாட்டிலில் கெட்டித்தன்மையைக் குறிக்கும் 80டபிள்யூ-90 என்று இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள், அதற்குக் கீழே ஆயிலின் தர வகை ஜி.எல்.4 என்று இருக்கிறதா ஜி.எல்.5 என்று இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பின் ஆக்சிலின் பல்சக்கரங்கள் தாங்கும் கடும் அழுத்தத்துக்காக ஜி.எல்.5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மானங்கள் கூடுதலாக இருக்கும். பித்தளையில் செய்த சின்க்ரோ வளையங்களுக்கு அவை பல நேரங்களில் ஒத்துக்கொள்வதில்லை, வளையம் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும். எனவே வண்டியோடு வந்த கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும். பக்கத்து வண்டிக்கு ஊற்றியதை நம் வண்டிக்கு ஊற்றுவது சரியல்ல.

முதலாளிகளிடமும் ஒரு வார்த்தை. கியர் கடித்தால் உடனே ஆக்டிங் டிரைவரின் மீது பழியைப் போட்டு, பேட்டாவில் கை வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஓட்டுகிற பழக்கத்தால் கேடு வருவது உண்மைதான். கியர் கம்பின் மீது கையை ஓய்வாக வைத்துக்கொண்டே ஓட்டினால் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் தேயும். கிளட்ச் பெடலில் எந்நேரமும் பாதம் பதிந்திருந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் கெடும். முழு லோடோடு இரண்டாவது கியரிலேயே கிளப்பினால் பிளேட் கருகும். முன்னால் உருளும் வண்டியை முழுமையாக நிறுத்தாமல் ரிவர்ஸ் போட்டால் எந்தப் பெட்டியும் கதறத்தான் செய்யும், ஏனென்றால் பல வண்டிகளில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. ஆனால் அந்த ஓட்டுநர் எந்தச் சாலையில் ஓட்டுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பக்கத்தில் எண்ணூர் விரைவுச்சாலையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று நின்று கிளப்பி, மணலி வரை போய் வருகிற மனிதர், நெடுஞ்சாலையில் ஓட்டுபவரைவிட எத்தனையோ மடங்கு அதிகமாகக் கிளட்சை மிதித்திருப்பார். நெரிசலில் அரைக் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தாமல் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்லலாம். சம்பளத்தைப் பிடிப்பதால் பிளேட் புதிதாகிவிடாது.

இவ்வளவு சொல்வதால் கியர்பாக்ஸ் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. கிளட்ச் சரியாக விடுபட்டும் ஒரே ஒரு கியர் மட்டும், அதுவும் வேகமாக மாற்றும்போது கடித்தால் அந்தக் கியரின் சின்க்ரோ தேய்ந்திருக்கலாம். பள்ளத்தில் இறங்கும்போதோ ஆக்சிலேட்டரை விடும்போதோ கியர் தானாக நியூட்ரலுக்குக் குதித்தால், முதலில் என்ஜினையும் பாக்ஸையும் தாங்கும் மவுண்ட் ரப்பர்களைப் பார்த்துவிட்டு, அவை நன்றாக இருந்தால் உட்புறத்தைச் சந்தேகிக்கலாம். அப்போதும் இறக்குவதற்கு முன் கியர் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடிக்கச் சொல்லி வெயிலில் பாருங்கள். பொன்னிறத்தில் தூள் மின்னினால் சின்க்ரோ வளையம் தேய்கிறது. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மை போல மென்மையாக ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். நகத்தளவு இரும்புத் துண்டு கிடைத்தால் பல் உடைந்திருக்கிறது, அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

இறக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், கூலியில் பெரும்பகுதி பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கே போகிறது என்பதை நினைவில் வைத்து, கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகியவற்றின் நிலையை அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். தேய்ந்திருந்தால் செட்டாக மாற்றுங்கள். ஃப்ளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்து கோடு விழுந்திருக்கிறதா என்று கேளுங்கள். கழற்றிய பழைய வளையங்களையும் பேரிங்குகளையும் ஒரு பையில் போட்டுத் தரும்படி வேலையை ஒப்படைக்கும்போதே சொல்லிவிடுங்கள், வண்டியை எடுக்கப் போகும்போது சொன்னால் அவை பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.